பக்கத்துப் போர்ஷனில் ஸ்விட்ச்

வடிவேலுக்கு டாக்டர்களையே பிடிக்காது. அதிலும் சேதி சொல்வதற்கு முன்னாடியே சிரிக்கிற டாக்டர் என்றால் அறவே பிடிக்காது. லான் என்ற இந்த வியட்நாம் டாக்டர் அப்படித்தான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயசு முப்பது இருக்குமா என்பதே சந்தேகம்.

மருமகன் துவான், சோலோன் சந்தையில் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டிவிட்டான். அதனால் மகள் சீதாலட்சுமிக்குத் துணையாக இவர் வரவேண்டியதாயிற்று. அவளுக்கு நாலாம் மாசம். மூத்தது மாய், மூணு வயசு, இவர் மடியில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுருண்டிருந்தது. அதன் கண்ணில் கண்மணியைச் சுற்றி இருக்கவேண்டிய வளையம் இல்லை. பழுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, முழுக்கக் கறுப்பு. வெளிச்சம் அப்படியே உள்ளே பாய்ந்து குத்தும். ட்யூப்லைட்டுக்கே அழும்.

வயிற்றில் இருப்பதற்கும் இப்படி ஆகுமா என்று தெரிந்துகொள்ளத்தான் மாயும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு முடிவு.

வடிவேலைக் கேட்டால் ரத்தமே தேவையில்லை. மாய் வயிற்றில் இருந்தபோது சூரிய கிரகணம். வெளியே போகாதே என்று வாசலில் மறித்துக் கத்தினார். இவள் கேட்டாளா? மசாலா பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, நட்ட நடுப் பகலில் பூ மி ஹங் பேட்டையில் விற்க மோட்டார் சைக்கிளை விட்டாள். பிள்ளை பிறந்து கண்ணைத் திறந்ததும் வடிவேல் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சொன்னேன்ல?" அதற்குப் பிறகும் சோறு போடும்போது, தொப்பி வாங்கும்போது, எதற்கெடுத்தாலும் அதே வார்த்தைதான். அடுத்த வாரம் சந்திர கிரகணம். இந்தத் தடவை விடுவதாயில்லை. த்ருவோங் டின் தெருக் கோயிலில் வாங்கிய தர்ப்பை சட்டைப்பையில் இருந்தது. அவள் வயிற்றில் கட்டி, அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவது என்று தீர்மானம்.

"மாயோட ஜீன் நல்லா இருக்கு பெரியப்பா" என்றாள் டாக்டர். இந்த ஊரில் வயசானவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நல்லா இருந்தா கண்ணு எங்க?" என்று வியட்நாமியில் எரிந்து விழுந்தார் வடிவேல்.

"கண்ணை உருவாக்குற ஜீன் உடம்பு முழுக்க இருக்கு. கண்ணுலயும் இருக்கு, காலுலயும் இருக்கு."

"விரல்லயும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப விரல்ல ஏன் கண்ணு முளைக்கல? ஆளைப் பாத்துக் கதை விடுறீங்களா?"

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதேதான் கேள்வி! விரல்ல அதை யாரும் போட்டுவிடறதில்ல. விளக்கு இருந்தா போதுமா, ஸ்விட்ச் போடணும்ல? கண்ணுக்குன்னு தனி ஸ்விட்ச், மூளைக்குத் தனி, கணையத்துக்குத் தனி. அப்பா வழியில ஒரு ஜீன், அம்மா வழியில ஒண்ணு, ரெண்டும் கண்ணுல எரியணும். மாய்க்கு ஒண்ணோட கண்ணு ஸ்விட்ச் மட்டும் இல்ல. பாதி வெளிச்சத்துல அந்த வளையம் உருவாகல."

"எங்க போச்சாம் ஸ்விட்ச்சு?"

"அது ஜீனுக்குள்ள இல்ல. ரொம்பத் தள்ளி, பக்கத்து ஜீனுக்குள்ள இருக்கும். அந்தத் துண்டு விழுந்துபோச்சு."

வடிவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் பக்கம் திரும்பித் தமிழில் கத்தினார். "கேட்டியா புள்ள? எந்த மடையனாவது தன் வீட்டு வெளக்குக்குப் பக்கத்து வீட்டுல ஸ்விட்ச்ச வப்பானா?"

சீதாலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கமுடியாமல் சிரிப்பு வெடித்தது. "அப்பா, நம்ம வீடு!"

எழுபத்தைந்தில் ஆட்சி மாறியதும் அவர்கள் இருந்த பெரிய வீட்டைப் பலகை அடித்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மாடிப்படி இவர் பங்குக்கு வந்தது. படி விளக்கின் ஸ்விட்ச் பக்கத்துப் போர்ஷன் ஹோங் அம்மாளின் சுவரோடு போய்விட்டது. இன்றுவரை இவர் பலகையைத் தட்டினால்தான் அவள் போட்டுவிடுவாள். சண்டை நாட்களில் போடவும் மாட்டாள்.

"சிரிக்காத" என்றார். "அது கவருமெண்டு பண்ணின வேல."

"உங்க ரத்தத்துலயும் உங்க வீட்டுக்காரர் ரத்தத்துலயும் அந்தத் துண்டு பத்திரமா இருக்கு" என்றாள் டாக்டர், சீதாலட்சுமியைப் பார்த்து. "மாய் உருவானப்ப ஜீனைப் பிரதி எடுக்கையில தானா விழுந்திருக்கு. வயித்துல இருக்கற குழந்தைக்கும் வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. அறவே இல்லேன்னு சொல்லமாட்டேன். வேணும்னா பனிக்குடத் தண்ணி எடுத்துப் பார்க்கலாம்."

சீதாலட்சுமியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "டாக்டர், அன்னிக்குக் கிரகணம். நான் வெளிய போனேன்..."

"கிரகணமா?" டாக்டருக்கு விளங்கவேயில்லை. "சூரியனைப் பார்த்தா பார்த்தவங்க கண்ணு கெடும். வயித்துல இருக்கறதுக்கு என்ன? உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா."

அவ்வளவுதான். சீதாலட்சுமி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நல்ல சேதிக்கு இப்படி அழுவார்களா? இவளும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாளா? பதிலுக்குப் பதில் பேசுகிறவள், இத்தனை நாளும் அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் இருந்தாளா?

வழியெல்லாம் வடிவேல் பொருமினார். தானா விழுந்துச்சாம். யார் தள்ளினார்கள் என்று கேட்டால் யாரும் இல்லையாம். ஒருத்தனையாவது கைகாட்டினால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இது என்ன படிப்பு?

வீட்டில் படிக்கட்டு கும்மிருட்டாக இருந்தது. பலகையைத் தட்டினார். சத்தமில்லை, ஹோங் அம்மாள் எங்கேயோ போய்விட்டாள். மறுபடி ஓங்கித் தட்டினார்.

"சனியன் புடிச்ச வீடு! பல்பு நல்லாத்தான இருக்கு!" என்று கத்தினார். கத்திவிட்டு அப்படியே நின்றார்.

மாய் அவர் கையிலிருந்து நழுவி இறங்கியது. தொப்பியைக் கழற்றித் தூர எறிந்தது. இருட்டில் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, அவர் விரலைப் பிடித்துப் படியேற இழுத்தது.

பின்னால் சீதாலட்சுமி சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். "தர்ப்பைய எப்பக் கட்டணும்ப்பா?"

வடிவேல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் நாலு படி ஏறிவிட்டிருந்தார்.

"ஒண்ணும் வேணாம். அன்னிக்கு எங்கயாவது போறதா இருந்தா ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போ" என்றார், திரும்பிப் பார்க்காமல்.