கைக்குட்டை போடாத இடம்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பது அவருக்காகவே சொல்லி வைத்தது. லிஃப்டில் நாலு பேர் நின்றால் போதும், "உள்ளே தள்ளி நில்லுங்க, உள்ளே காலியாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். ஆஸ்பத்திரி வரிசையில் யார் முன்னால் வந்தார், யார் நடுவில் நுழைந்தார் என்ற விவரம் அங்கிருக்கும் நர்ஸைவிட இவருக்குத்தான் தெரியும். தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னமும் கண்டக்டர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அப்படிப்பட்ட மனிதர் முதல் தடவையாக விமானம் ஏறினார். தொலைவில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கூட வந்த மனைவியின் கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள், தொட்டிலுக்கு மேலே தொங்கவிடக் காகிதப் பறவைகள்.

அந்த அம்மாள் அச்சகத்தில் காகிதம் மடிக்கும் வேலை பார்த்தவர். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, வெட்டி எறிந்த வண்ணத்தாள்களைப் பொறுக்கி வந்து, நகத்தால் நீவி நீவிப் பறவை பறவையாக மடித்து, கம்பி வளையத்தில் நூலால் கோத்திருந்தார். தூக்கினால் கனமே இல்லை. மேலே ஒரு புத்தகத்தை வைத்தால் அத்தனையும் சப்பையாகிவிடும்.

விமான வாசலுக்குப் போகும் நீளமான நடையில் ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள். அம்மாள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரம் ஒதுங்கினார்.

"ஏங்க, நான் இடிபடாம மெதுவா வர்றேன். நீங்க முன்னால போய், நம்ம சீட்டுக்கு மேல பெட்டிக்கு ஒரு இடம் பிடிச்சு வையுங்க."

"அதுக்கென்ன, பிடிச்சிட்டாப் போச்சு."

"ஊருக்கு உபகாரம் பண்ணக் கிளம்பிடாதீங்க. இன்னைக்கு நீங்க கண்டக்டர் இல்லை."

"சரிம்மா."

மனதாரத்தான் சொன்னார். பாவம், அதில் கள்ளம் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் அவர்கள் இருக்கைக்கு மேலே சாமான் வைக்கும் இடம் திறந்து காலியாகக் கிடந்தது. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கையிலிருக்கும் எதையாவது வைத்து இடம் பிடித்திருப்போம். கண்டக்டரின் கையும் சட்டைப் பைக்குப் போனது, கைக்குட்டையைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் அவருக்கு வாழ்நாள் எதிரி என்று ஒன்று உண்டென்றால் அது கைக்குட்டை. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து சீட்டுப் பிடிப்பவர்களோடு அவர் போடாத சண்டை இல்லை. "ஆள் வந்தாத்தான் சீட்டு. கைக்குட்டைக்கு நான் டிக்கெட் கிழிக்கலை" என்று எடுத்து மடித்து அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவார். இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னதை இன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்று மீறுவதா? அவள் வரட்டும், வைத்துக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டார்.

அவள் வருவதற்குள் ஊரே வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் பை. பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? வாங்கி மேலே வைத்தார். அடுத்து ஒரு நெட்டையன் வந்து தன் பெட்டியைக் குறுக்கே படுக்கப் போட்டான். "தம்பி, அதை நிமிர்த்தி, சக்கரத்தை உள்பக்கம் தள்ளுங்க. இன்னும் ரெண்டு பேர் வைக்கலாம்" என்றார். அவன் தள்ளியதும், சொன்னபடியே இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று நாலாபுறமும் கேட்டது. கண்டக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன்பிறகு பின்வரிசைக்காரர்கள்கூட அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது தெரியாதவரா அவர்? தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு சந்து மிச்சமிருந்தது. கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் கோட்டைக் கழற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோல் அதில் கிடத்தினார். "கோட்டுதானே, தாராளமா வையுங்க சார்" என்று சொன்னதும் நம் ஆள்தான்.

அப்போதுதான் அம்மாள் வந்து சேர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பணிப்பெண் வந்தாள். "அம்மா, மன்னிச்சுக்கோங்க. முன்னாடி பின்னாடி எங்கயும் இடமில்லை. மடியில வச்சுக்கவும் கூடாது. இதைக் கீழே சாமான் அறையில போட்டுடறோம். இறங்கினதும் வாங்கிக்கலாம்."

"மத்த பெட்டிங்களோடவா?"

"ஆமாம்மா."

அம்மாள் திட்டியிருந்தால் கண்டக்டர் பிழைத்திருப்பார். அவர்கள் வீட்டில் சத்தம் போட்டால் சமாதானம், பேசாமல் இருந்தால்தான் சண்டை. "பரவாயில்லை, கொடுத்துடறேன்" என்று மட்டும் சொல்லி, பெட்டியை மெல்ல நீட்டினார்.

அந்தப் 'பரவாயில்லை'யைக் கண்டக்டர் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார். மகள் வயிற்றிலிருந்த சமயம், அவருடைய பஸ்ஸிலேயே அம்மாள் ஏறினார். எள் போட்டால் எள் விழாத கூட்டம். வேறொரு பிள்ளைத்தாய்ச்சி என்றால் நாலு பேரை எழுப்பியிருப்பார். சொந்தப் பெண்டாட்டிக்குக் கேட்க நாக்கு எழவில்லை. கண்டக்டர் பெண்டாட்டி என்றால் தனிச் சலுகையா என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால்? அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "பரவாயில்லை" என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தார். அதை இன்றைக்கும் சமயம் பார்த்துக் குத்திக் காட்டுவார்.

பெட்டி பணிப்பெண்ணின் விரலைத் தொடும்போது கண்டக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்மா!"

பழைய குரல்தான், கடைசி வரிசை வரைக்கும் எட்டும் குரல். எல்லாத் தலையும் திரும்பியது. ஊருக்காகக் கேட்டே பழகியவர், முதல் தடவையாகத் தனக்கென்று கேட்டார்.

"இவங்க... என் வீட்டுக்காரம்மா. எங்க பேத்திக்குக் காகிதத்துல பறவை மடிச்சு எடுத்துட்டு வர்றாங்க. அமுங்கினாப் போச்சு. இடம் பிடிச்சு வையுங்கன்னுதான் என்னை முன்னால அனுப்பினாங்க. நான்தான் வைக்கலை. தப்பு என்னோடது. இவங்களுக்கு ஒரு இடம் கொடுங்க."

முதலில் எழுந்தவர் கோட்டுப் பெரியவர். கோட்டை எடுத்து மாட்டி, பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார். நெட்டையன் தன் பெட்டியை இறக்கிக் காலுக்கடியில் திணித்தான். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்துவிட்டன. கைக்குழந்தைக்காரி, "என் பையையும் கீழே கொடுங்க. எப்படியும் பால் பாட்டில் எடுக்கணும்" என்றாள். அங்கிருந்து ஆளுக்கு ஒன்றாக நகர்ந்து, அட்டைப்பெட்டிக்கு அதன் அளவுக்குமேலேயே இடம் கிடைத்தது. பணிப்பெண் அந்தச் சாமான் இடத்தின் மூடியை இரண்டு கையாலும் தொட்டு, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினாள்.

வழி முழுக்க அம்மாள் வாய் திறக்கவில்லை. கண்டக்டர் தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் தலையாட்டல்தான். எதிர்வரிசையில் பெரியவர் கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

விமானம் இறங்கியதும் வழக்கம்போல எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். இவர்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கூட்டம் வடிந்த பிறகு கண்டக்டர் பெட்டியை இறக்கி அம்மாள் மடியில் வைத்தார். திறந்து பார்த்தார்கள். ஒரே ஒரு பறவைக்கு இறக்கை மடங்கியிருந்தது. அம்மாள் நகத்தால் நீவி நேராக்கினார்.

"கோபம் போகலையா?" என்றார் கண்டக்டர்.

"எந்தக் கோபம்? இன்னைக்குள்ளதா, அன்னைக்குள்ளதா?"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்குக் கேட்டிருக்கணும். வாய் வரலை. ஆனா வளைவு வந்தப்பல்லாம் உன் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன். சாய்ஞ்சா பிடிக்கலாம்னு. நீ கவனிச்சிருக்க மாட்டே."

"ஏன் கவனிக்கலை? நீங்க என்னை விட்டு நகரவே இல்லை. முன்பக்கம் ஏறினவங்க பாதிப் பேரு அன்னைக்கு ஓசியிலதான் போனாங்க."

கண்டக்டர் வாயைப் பிளந்தார். தன் பணிக்காலத்தில் நடந்த அந்த ஒரே களங்கம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

"தெரிஞ்சுமா இத்தனை நாள் குத்திக் காட்டினே?"

"பின்னாடி நின்னது எனக்கு மட்டும்தானே தெரியும்" என்றார் அம்மாள். "என் வீட்டுக்காரம்மான்னு நாலு பேர் முன்னால சத்தமா இன்னைக்குத்தான் சொன்னீங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவசர அவசரமாகப் பெட்டியை மூடி, கணவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். விமானத்தில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. வாசலில் பணிப்பெண் காத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரோ பெட்டியை ஏந்தியபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

அம்மாள் பக்கத்து இருக்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ம்... போலாம், ரைட்!"