வெறும் பொடி

அண்ணி ஊசியில் நூலைக் கோத்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, முதல் முயற்சியிலேயே. வேலைக்குக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருடமாக அந்த விரல்களால் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்க முடிந்ததில்லை. காலையில் எழும்போது கை முஷ்டியாக மூடிக் கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்து ஒவ்வொரு விரலாக அண்ணன்தான் பிரித்துவிடுவான். கூடத்து மூலையில் தையல் மெஷினைத் துணி போட்டு மூடி, அந்தத் துணியின் மேல் பழைய பேப்பரை அடுக்கி, அதை ஒரு மேசையாகவே ஆக்கிவிட்டார்கள். இன்று பேப்பர்க் கட்டு தரையில் கிடந்தது.

"என்ன புள்ளி, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறே? உன் பஸ் போயிடப் போகுது" என்றாள் அண்ணி.

புள்ளி என்ற பெயரை வைத்ததே அண்ணிதான். மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் உனக்கு என்னதான் வேலை என்று ஒருநாள் கேட்டபோது, தட்டில் புள்ளி வைத்து அது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பது என்று நாத்தனார் சொல்லித் தொலைத்திருந்தாள். "புள்ளி வைக்கவா உன்னை இத்தனை வருஷம் படிக்க வெச்சாங்க?" என்று அண்ணி சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். புருஷன் வீட்டிலிருந்து அவள் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்த நாளில், என்ன சொல்வதென்று தெரியாமல் அண்ணன் வாசலில் விழித்துக்கொண்டு நின்றபோது, "பெட்டியை வாங்குங்க முதல்ல, கனக்கும்ல" என்று அதட்டியவளும் அண்ணிதான். தையல் அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு மெஷினைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டாள். அதை மட்டும் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவாள்.

விரல்களைத் திறந்தது ஒரு பொடி. கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பொடிக்காரரிடம் அண்ணன் சில மாதங்களாக வாங்கி வருவது. லேபிள் இல்லாத பிளாஸ்டிக் டப்பா, காய்ந்த மண்ணின் நிறம், வேர் வாசனை. வெந்நீரில் கலக்கிக் குடித்த மூன்றாம் நாளே வலி விட்டுவிட்டதென்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். விரல்கள் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இளகின. அண்ணிக்கு நன்றாகப் பசித்தது. ஒட்டிப்போயிருந்த கன்னம் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். நாத்தனார் அதைத் தேறியதாக நினைக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால், ரவிக்கைக்கு மேலே, புதிதாக ஒரு சதைத் திரட்டு எழும்பியிருந்ததை அவள் கவனித்திருந்தாள். எந்த வேரும் மூன்று நாளில் இந்த வேலையைச் செய்யாது.

ஒரு ஸ்பூன் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

பரிசோதனைக் கூடத்தில் வெளிச் சாமானை ஏற்றக்கூடாது. அதிகாரி சீல் வைத்துக் கொண்டுவருகிற மாதிரிகளுக்குத்தான் அங்கே மதிப்பு. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் பொடியை ஆல்கஹாலில் கலக்கி வடிகட்டியதை எதிர்மேசைக்காரி பார்த்துவிட்டாள். மறந்துபோன டிபன் டப்பாவை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள்.

"வீட்டுச் சாமானா?"

"ம்."

"வேண்டாம்டி. நான் ஒருதடவை என் மாமியார் குடிக்கிற இருமல் மருந்தை ஏத்திப் பாத்தேன். அப்புறம் அவங்களை நேருக்கு நேர் பாக்கவே முடியல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வெள்ளைப் பூச்சுப் பூசிய தட்டின் அடியில் பென்சிலால் கோடு இழுத்தாள். பேனா உதவாது, மையும் கூடவே ஏறித் தன் பங்குக்குப் புள்ளிகளைக் காட்டிவிடும். மயிர் போன்ற கண்ணாடிக் குழாயால் கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளி வைத்தாள். முதலில் வீட்டுப் பொடி. அடுத்தது, ஜாடியிலிருந்து எடுத்த சுத்தமான ஸ்டீராய்டு. மூன்றாவதில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். இரண்டும் வேறு வேறு பொருளென்றால் ஏறும்போது ஏதாவது ஓரிடத்தில் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் வெறும் ஆல்கஹால். அந்தத் தடத்தில் ஒன்றுமே தெரியக்கூடாது. வெற்று மாதிரி என்று அதற்குப் பெயர். அது இல்லாத தட்டை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

கண்ணாடித் தொட்டியின் அடியில் விரற்கடை அளவு திரவம். தட்டை அதற்குள் சாய்த்து வைத்து மூடினாள். அடியிலிருந்து ஈரம் ஏற ஆரம்பித்தது, அவசரமே இல்லாமல். இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான், பிரிந்துவிடு, பிரிந்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். உலர்ந்த தட்டைப் புற ஊதா விளக்குக்கு அடியில் வைத்தபோது அது பச்சையாக ஒளிர்ந்தது. பொடியின் தடத்தில் வேர்களின் சாயங்கள் கீழிருந்து மேல்வரை மங்கலாக இழுபட்டுக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கறுப்பாக ஒரு புள்ளி. பக்கத்துத் தடத்திலும் அதே உயரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து வைத்த இடத்தில் ஒரே புள்ளிதான் இருந்தது. பிரியவில்லை.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். அண்ணி ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள், மெஷினை நிறுத்தவில்லை.

"அண்ணி, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கான். எலும்பு உளுத்துப் போகும். சர்க்கரை ஏறும்."

"உங்க ஆபீஸ் சர்டிபிகேட்டையே கண்ணாடி போட்டு மாட்டியிருக்காராமே பொடிக்காரர்?"

அது உண்மை. கடை அலமாரியிலிருந்து அதிகாரி எடுத்துவந்த லேபிள் ஒட்டிய டப்பாவைப் போன வருடம் பரிசோதித்தவளே அவள்தான். வேரையும் பட்டையையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. நல்லது என்று கையெழுத்துப் போட்டாள். வாடிக்கைக்காரர்களுக்கென்று திரைக்குப் பின்னாலிருந்து வருகிற லேபிள் இல்லாத டப்பா வேறு என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

"அது வேற டப்பா, அண்ணி. இது வேற."

"நீயே சுத்தம்பே, நீயே விஷம்பே. எந்தப் புள்ளியைத்தான் நம்பறது நான்?" மெஷின் நின்றது. அண்ணி தன் கையைத் தூக்கி, விரல்களை விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்துக் காட்டினாள். "வலிச்சது உனக்கா எனக்கா? பல்லு தேய்க்கக்கூட ஒருத்தரை எதிர்பாத்துக்கிட்டு இருந்தேனே, அப்ப உன் தட்டு என்ன பண்ணுச்சு? போடி, போய் வேலையைப் பாரு."

அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் பொடிக்காரரின் கடைக்குள் நுழைந்து, அலமாரியில் இருந்த லேபிள் டப்பா ஒன்றை வாங்கினாள். அவளே சுத்தமென்று சொன்ன பொடி. அதே நிறம், அதே வாசனை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அண்ணியின் டப்பாவைக் குளியலறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அதில் இதை நிரப்பினாள். சரியாகச் செய்கிறோம் என்ற நிம்மதிகூட இருந்தது. வலி திரும்பி வரும். வந்தால், வேலை செய்தது வேரல்ல என்று அண்ணிக்கே தெரிந்துவிடும். அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வெற்று மாதிரி இல்லாமல் எதையும் நம்பாத புத்தி அவளுடையது. அந்தப் புத்தியோடு ஒரு மனுஷியையே தட்டில் ஏற்றிவிட்டாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

வலி வந்தது. விரல்கள் மறுபடி மூடத் தொடங்கின. அண்ணி மெஷினை மூடவில்லை. பொடியின் அளவைக் கூட்டினாள். பிறகு சாப்பாடு வேண்டாமென்றாள். குமட்டியது. எழுந்தால் தலை சுற்றியது. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். "பொடி கொஞ்சம் சூடு போல, வேறொண்ணுமில்ல" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கெட்டது உடம்பிலிருந்து இறங்குகிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சொல்லிவிடலாம் என்று நாத்தனார் நினைத்தாள். ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழுந்த அண்ணி கதவுவரை வந்து, நிலையைப் பிடிக்கக் கை நீட்டி, விரல்கள் மடங்காமல், அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. கண் அரைகுறையாகத் திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. அங்கிருந்த சின்ன வயது டாக்டர் அண்ணியின் வட்ட முகத்தையும் கழுத்துத் திரட்டையும் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா? சாப்பிட்டுட்டு இருந்ததைத் திடீர்னு நிறுத்தினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நான் என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும்."

"ஒரு பொடி சாப்பிடறா டாக்டர். நிறுத்தவே இல்ல. இன்னிக்குக் காலையிலகூட என் கையாலதான் கலக்கிக் குடுத்தேன்" என்றான் அண்ணன். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். அப்படியானால் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று நர்ஸிடம் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தவளுக்கு, இப்போது வாய் திறந்தால் அந்த வீட்டில் தனக்கு இருக்கிற அறை போய்விடும் என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படி ஓர் எண்ணம் அந்த நேரத்தில் வந்ததே என்பதைப் பின்னால் எவ்வளவு தேய்த்தும் அவளால் கழுவ முடியவில்லை.

"நிறுத்தியாச்சு டாக்டர்" என்றாள். "நான்தான் நிறுத்தினேன். டப்பாவுல இருக்கிறது வெறும் பொடி. மாத்தி வெச்சுட்டேன். முன்ன இருந்ததுல ஸ்டீராய்டு இருந்துச்சு. தட்டுல ஏத்திப் பாத்தேன்."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"என்ன இருக்குன்னுதான் பாத்தேன். எவ்வளவுன்னு பாக்கல."

"மிச்சம் இருக்கா?"

"கொட்டிட்டேன்."

"மருந்து லேப்ல இருக்கறவங்க நீங்க. மாசக்கணக்கா சாப்பிட்டதை ஒரே நாள்ல நிறுத்தினா ஆளே போயிடும்னு தெரியாதா?"

தெரியும். என்றோ தேர்வுக்குப் படித்த பாடத்தில் ஒரு வரி. நெட்டுரு போட்டு, எழுதி, மார்க் வாங்கி, மறந்துபோன வரி.

ஸ்டீராய்டு ஊசி ஏறியதும் அண்ணிக்கு நினைவு திரும்பியது. மறுநாள் தலையணையில் சாய்ந்து உட்கார முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்று விளக்கினார். அண்ணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன மருந்து டாக்டர்?" என்றாள். அவர் சொன்னார்.

"அப்ப அதேதானே? அவர் குடுத்தா விஷம், நீங்க குடுத்தா மருந்தா?"

டாக்டர் அளவு, கண்காணிப்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அண்ணி அதைக் கேட்கவில்லை. நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளைப் புள்ளி என்று கூப்பிடவில்லை, வேறு எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது அண்ணன் முதல் முறையாகப் பேசினான்.

"என் கையாலயே குடுக்க வெச்சுட்டியே."

"நான் சொன்னேனேண்ணா. நீங்க யாரும் கேக்கல."

"சொன்னே. கேக்கல. அதோட விட்டிருக்கணும் நீ." ஆட்டோ வந்தது. அவன் அண்ணியை ஏற்றிவிட்டு நடுவில் பையை வைத்தான். மூன்று பேர் உட்காரக்கூடிய ஆட்டோ. அவள் பஸ்ஸில் வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அறையைக் காலி செய் என்று யாரும் சொல்லவில்லை. சமையலறையில் அவள் நுழைந்தால் அண்ணி தன் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் ஊற்றிய காப்பி ஆறி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அண்ணன் வேலைக்குப் போகுமுன் குடிதண்ணீரைக்கூடத் தானே செம்பில் பிடித்து, மூடி, அண்ணியின் கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெளியே போயிருந்தான். மாத்திரை நேரம். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அட்டையைக் கையில் எடுத்தாள். மாத்திரைகளை அழுத்தி வெளியே தள்ளுகிற அட்டை. கட்டைவிரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். அது வழுக்கி மடியில் விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"குடுங்க அண்ணி" என்றாள் அவள் வாசற்படியில் நின்றபடி. "நீங்க பாக்கறப்பவே எடுத்துத் தரேன்."

அண்ணி நிமிரவில்லை. அட்டையை வாய்க்குக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் அலுமினியத் தாளைக் கடித்து இழுக்க ஆரம்பித்தாள். தாள் ஒரு ஓரமாகக் கிழிந்து சுருண்டது. மாத்திரை பாதி தெரிந்தது.