ஒரே அறையில் இரண்டு இத்தா

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை காலை, தொண்டிக்குத் தெற்கே கடற்கரையில் படகு உரிமையாளர் சதக்கின் உடல் ஒதுங்கியது. வயது 51. பின்தலையில் காயம் இருந்தது.

பத்தாம் தேதி எஞ்சின் வாங்க நாகப்பட்டினம் போனவர். பதினாலாம் தேதி இளைய மனைவி மாஷிதாவுக்குப் போன் செய்து, சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னார். அதன்பின் அவரிடமிருந்து போன் வரவில்லை. என்றைக்கு இறந்தார் என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் உடல் கிடைத்த நாளிலிருந்தே விதவைகள் காக்கும் இத்தாவை எண்ணச் சொன்னது ஜமாஅத். பிறைக் கணக்கில் நான்கு மாதம் பத்து நாள், டிசம்பர் 28 வரை. அதுவரை விதவைகள் இருவரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

மாஷிதாவின் வாடகை வீட்டில் சதக்கின் கைக்கடிகாரம் கிடைத்ததால் போலீஸ் அந்த வீட்டுக்கு முத்திரை வைத்தது. அவளை மூத்தவள் சாலிஹாவின் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இருவருக்கும் ஒரே அறை, திரை போட்ட ஒரே ஜன்னல். சப்-இன்ஸ்பெக்டர் ராமலெட்சுமி நான்கு முறை வந்தார். நான்கு முறையும் கேள்வி மாஷிதாவிடம்தான். கடிகாரத்தை அவர் ஜூலை மாதமே மறந்து வைத்துவிட்டுப் போனார் என்று அவள் சொன்னதை ராமலெட்சுமி நம்பவில்லை. "இத்தா முடியட்டும். இருபத்தொன்பதாம் தேதி ஸ்டேஷனுக்கு வா" என்றார்.

அடுத்த வீட்டு டிவியில் பழைய துப்பறியும் தொடர் ஒன்றை மறுபடி போட்டார்கள். சாயங்காலம் சுவர் வழியாக வசனம் கேட்கும்.

"நல்லாக் கேட்டுக்க" என்றாள் சாலிஹா. "இதுல எப்பவும் எளையவதான் கொன்னுருப்பா."

"நேத்து டாக்டருல்ல கொன்னான், ராத்தா" என்றாள் மாஷிதா.

"அவனும் ரெண்டாந்தாரத்துப் பிள்ளையா இருப்பான்."

டிசம்பர் 24 மதியம் சதக்கின் தங்கை சூஃபியா மூச்சிரைக்க வந்தாள். "மதினி, ஒங்க மக யும்னாவுக்கு வலி கண்டுருச்சு. ராம்நாட்டு ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. உம்மா உம்மான்னு கத்துறா. அவசரத்துக்குப் போலாம்னு ஹஜ்ரத்தும் சொல்லிட்டாரு. பாத்துட்டு சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள்ள வந்துருங்க."

சாலிஹா அதற்குள் பீரோவிலிருந்து பச்சைச் சேலையை எடுத்துவிட்டாள். "எதுக்கு வரணும்? எனக்கு இத்தா நேத்தோட முடிஞ்சிருச்சு. பிள்ள பெறந்து அவ வீட்டுக்கு வார வரைக்கும் அங்கனதான் இருப்பேன்."

"இன்னும் நாலு நாள் கெடக்கே?" என்றாள் சூஃபியா.

"ஒங்க கணக்க நீங்க வச்சுக்கங்க. அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. இருவரும் போனார்கள்.

சுவரில் பள்ளிவாசல் கொடுத்த பிறை காலண்டர் தொங்கியது. மாஷிதா டிசம்பர் 23லிருந்து நான்கு பிறை மாதமும் பத்து நாளும் பின்னோக்கி எண்ணினாள். ஆகஸ்ட் 17 வந்தது. இன்னொரு முறை எண்ணினாள். சதக் புறப்பட்ட நாளும் அதுவல்ல, போன் செய்த நாளும் அல்ல, கிடைத்த நாளும் அல்ல. நான்கு மாதமாகக் கண்ணுக்குச் சுர்மா இடாமல், பூ வைக்காமல், ஒரு வக்து தொழுகை விடாமல் இருந்தவள் சாலிஹா. இத்தாவில் ஒரு நாளைக்கூடக் குறைக்க மாட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். யும்னா பிரசவ வலியில் கிடந்தாள். இருபத்தொன்பதாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. கடைசியில் எண்ணை அழுத்தினாள்.

"என்னம்மா, அதுக்குள்ள ஸ்டேஷன் ஞாபகம் வந்துருச்சா?" என்றார் ராமலெட்சுமி.

"மேடம், ராத்தாவுக்கு நேத்தோட இத்தா முடிஞ்சிருச்சாம்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இத்தாவ மவுத்தான நாள்லருந்து எண்ணணும். அவரு என்னைக்கு மவுத்தானாருன்னு நமக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். "என்னைக்கு?"

"ஆகஸ்ட் பதினேழு."

மறுநாள் விடியற்காலை யும்னாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதுவரை ராமலெட்சுமி ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தார். கேட்டதும் சாலிஹா மறைக்கவில்லை. ஆகஸ்ட் 17 மாலை, ஊருக்கு வெளியே படகு நிற்கும் ஓடைக்குப் போனதாகச் சொன்னாள். சதக் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே வந்து, இருபத்திரண்டு வருஷமாகப் படகின் முகப்பில் இருந்த அவள் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 'மாஷிதா' என்று எழுதப் பெயின்ட் டப்பா பக்கத்தில் இருந்தது. அவள் துடுப்பால் ஒரு முறை அடித்தாள். அவர் தண்ணீரில் விழுந்தார்.

டிசம்பர் 26 அன்று சாலிஹா நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு, மதுரை மகளிர் சிறைக்கு அனுப்பப்பட்டாள்.