ஊசித் துளை

கத்தால்தோ சூளையை மூட்டி மூன்று மணி நேரம் ஆன பிறகுதான் நுன்சியாவுக்கு அது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த காப்பியை அப்படியே கீழே வைத்தாள்.

"கத்தால்தோ, அந்த மொட்டுக்கு அடியிலே நான் துளை போடலப்பா."

கத்தால்தோவின் மகளுக்குக் கல்யாணம். புது வீட்டுப் பால்கனியில் அதிர்ஷ்டத்துக்கு வைக்கப் பெரியம்மா நுன்சியா வனைந்த மண் மொட்டு அது. உள்ளே வெற்றிடம். காற்றுப் போக ஊசித் துளை இல்லையென்றால் சூட்டில் வெடித்துவிடும். அதைச் சுற்றி, விருந்துக்காகக் கத்தால்தோ வனைந்த அறுபது தட்டுகள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

"நாப்பது வருஷமா மண்ணைப் பிசையிறீங்க அண்ணி! மூக்கில்லாமப் பிள்ளை பெத்து வச்சிருக்கீங்களே!"

"இப்பத் திறந்தா?"

"குளிர்காத்துப் பட்டு அறுபதும் விரிஞ்சிடும்."

"அணைச்சிட்டா?"

"சூடு உடனே எறங்கிடுமா? உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

"நம்ம ஊர்ப் புனிதர் சான் சீரோவை வேண்டிக்கிட்டிருக்கேன்."

"அவர் வைத்தியர் அண்ணி. மனுஷங்களைத்தான் பாப்பார்."

அப்போது உள்ளே 'டொப்'பென்று ஒரு சத்தம். பின்னாலேயே சில்லுகள் சரிந்தன. கத்தால்தோ கதவில் கை வைக்கப் போய், சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டான்.

"எத்தனை போச்சோ?"

"நாளைக்கு ஆறினப்புறம்தான் தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "பொண்ணுகிட்ட தட்டு உடைஞ்சதுன்னு சொல்லிக்கலாம். மொட்டு வெடிச்சதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"காலையிலேயே போன் பண்ணி, பெரியம்மா, மொட்டு எப்ப வரும்னு கேட்டாளேடா," என்றாள் நுன்சியா.