சிறியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த அரசு அலுவலகத்தின் கூரையில் ஒன்பது வருடங்களாக ஒரு கடற்காக்கைகூடக் கூடு கட்டியதில்லை. லொரெய்ன் பாரில் என்ற ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணும் அவள் வளர்த்த இரண்டு ராஜாளிகளும்தான் அதற்குக் காரணம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் வேனை நிறுத்திவிட்டு மாடிக்குப் போவாள். கையுறையில் இருக்கும் பறவையை விடுவாள். அது எதையும் கொல்லாது. நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோழித்துண்டுக்காகக் கைக்குத் திரும்பிவிடும். கடற்காக்கைகளுக்கு அந்த நாலு சுற்றே போதும். இந்த அக்கம்பக்கம் குடும்பம் நடத்த லாயக்கில்லை என்று பேசி முடிவுசெய்ததுபோல வேறு கூரைக்குக் குடிபோய்விடும்.

மாதக் கடைசியில் கட்டடப் பொறுப்பாளர் கிளைவ் தோர்ன்டைக் அவளுடைய கூலிச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். எல்லாம் ஒழுங்காக நடந்ததால் லண்டனில் இருந்த தலைமையகத்தில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

அந்த நிம்மதிக்கு முடிவு கட்டியது ஒரு நல்லெண்ணம். துறை செலவழிக்கும் ஒவ்வொரு மூன்று பவுண்டிலும் ஒரு பவுண்டு சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தலைமையகம் தீர்மானித்தது. அதை நடத்திக்காட்ட 'சிறுதொழில் தோழர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி, இமோஜன் ஹாலம் என்ற இளம் அதிகாரியை உட்காரவைத்தது. கெட்டிக்காரப் பெண். தான் செய்வதை மனதார நம்பினாள். நாடு முழுவதும் சிறியவர்களைத் தேடிக்கொண்டு ரயிலில் அலைந்தவள், செப்டம்பரில் கிரிம்ஸ்பிக்கு வந்தபோது லொரெய்னைக் கண்டுபிடித்தாள்.

"உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டு இருந்தேன்," என்றாள் இமோஜன், கிளைவின் அறையில் வைத்து. "எத்தனை பேர் வேலை பாக்கறாங்க உங்ககிட்ட?"

"நான் ஒருத்திதான்மா. பறவை ரெண்டு."

"அருமை." இமோஜன் குறித்துக்கொண்டாள். "ஒரே ஒரு சிக்கல். நீங்க இப்ப செய்யறது கணக்குல வராது. கிளைவ் நேரா உங்களைக் கூப்பிட்டு வெச்சிருக்கார். டெண்டர் மூலமா வந்தாதான் நீங்க சிறுதொழில். அதுவரைக்கும் நீங்க..."

அவள் சொல்லைத் தேடினாள்.

"முறைகேடு," என்று கிளைவ் எடுத்துக்கொடுத்தார்.

"அப்படிச் சொல்ல மாட்டேன்," என்றாள் இமோஜன். மறுக்கவும் இல்லை.

டெண்டர் படிவத்தில் எண்பத்து நாலு கேள்விகள். லொரெய்ன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு மல்லுக்கட்டினாள். நாலாவது ஞாயிறு கிளைவைத் தன் சமையலறைக்கு வரவழைத்து, வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவைத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். டெண்டர் விடுகிற அலுவலகத்தின் ஆள் இப்படி உட்காரலாமா என்று கிளைவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மீன் ஆறிவிடுமே என்று அதைத் தள்ளிவைத்தார்.

"கேள்வி நாப்பத்தொண்ணு," என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள் லொரெய்ன். "உங்க ஊழியர்கள் வேலைக்கு எப்படி வர்றாங்க? புகையைக் குறைக்க என்ன திட்டம்?"

"பறந்து வர்றாங்கன்னு எழுது."

"விளையாடாதய்யா. பொய் சொன்னா தடைன்னு அடியில போட்டிருக்கு."

"பொய் எங்க சொன்னேன்?"

அவள் யோசித்தாள். அப்படியே எழுதினாள்.

"கேள்வி நாப்பத்தேழு. ஊழியர்கள் பதவி உயர்வுக்கு என்ன வழி வெச்சிருக்கீங்க?"

"பெரியவளை மேனேஜர் ஆக்கிடு."

"சின்னவ கோவிச்சுக்குவா." அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினாள். பொருந்தாது என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது என்பது இருவருக்கும் தெரியவில்லை.

எண்பத்து மூன்றாவது கேள்வியில் அவள் பேனா நின்றது. அரசுத்துறைகளுக்கு வேலை செய்த அனுபவம் என்ன, டெண்டர் எண்ணோடு தருக என்று கேட்டிருந்தது. டெண்டர் எண் என்று அவளிடம் எதுவும் இல்லை. ஒன்பது வருடச் செவ்வாய்களும் வெள்ளிகளும், மழையில் மாடியில் நின்றது, ஒரு குளிர்காலத்தில் விலா எலும்பு முறிந்தும் வந்தது, எதற்கும் எண் கிடையாது. கட்டத்தை வெறுமையாக விட்டால் பக்கம் நகர மறுத்தது. கடைசியில் 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள். கிளைவ் வறுவலைத் தின்பதை நிறுத்திவிட்டார்.

ஜனவரியில் கடிதம் வந்தது. அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. பறவைகளை விரட்டும் ஒப்பந்தம் ஒரு பெரிய குழுமத்துக்குப் போயிருந்தது. அலுவலகங்களுக்குக் காப்பி இயந்திரமும் சிறைச்சாலைகளுக்குச் சலவையும் தருகிற குழுமம் அது. கடற்காக்கையைப் படத்தில் பார்த்திருக்கலாம். அவர்களுக்குத் தொண்ணூற்றொன்று.

லொரெய்ன் லண்டனுக்குப் போன் போட்டாள்.

"எதுல குறைஞ்சேன்னு மட்டும் சொல்லும்மா."

இமோஜனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இருபது மார்க் ஒரே கேள்விக்கு. 'சிறுதொழில்களை எப்படி ஆதரிக்கிறீர்கள்?' அவங்க பதினாலு பக்கம் எழுதியிருக்காங்க. நீங்க..."

"நானே சிறுதொழில்தானேன்னு எழுதினேன்."

"ஆமா. அதாவது, நீங்க யாரையும் ஆதரிக்கலை."

லொரெய்ன் போனை வைத்தாள். அன்று மாலையே நகராட்சிக் குப்பைமேட்டின் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவன் இரண்டே கேள்வி கேட்டான்: என்றைக்கு வருவே, பறவை கடிக்குமா. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். நாற்றம் அதிகம். ஆனால் அங்கே யாரும் அவளை இல்லை என்று எழுதச் சொல்லவில்லை.

குழுமம் கூரையில் நாலு பிளாஸ்டிக் ஆந்தைகளை நிறுத்தியது. பேட்டரியில் தலை திரும்பும். மார்ச் முழுவதும் கடற்காக்கைகள் அவற்றைத் தூரத்திலிருந்து கவனித்தன. ஏப்ரலில் ஒன்று வந்து ஆந்தையின் தலையில் உட்கார்ந்து, அது திரும்பத் திரும்பத் தானும் திரும்பிக்கொண்டு ஊரைச் சுற்றிப்பார்த்தது. மே மாதத்தில் கூரையில் முப்பத்தாறு கூடுகள் இருந்தன. ஊழியர்கள் வெயில் நாளிலும் குடை பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஓய்வூதியப் பிரிவில் ஒரு பெண்ணின் கையிலிருந்த சாண்ட்விச் காகிதத்தோடு போய்விட்டது. கிளைவ் எழுதிய புகார்களுக்கெல்லாம் குழுமத்திலிருந்து உங்கள் திருப்தி எங்கள் லட்சியம் என்று உடனுக்குடன் பதில் வந்தது.

பிறகு குழுமம் ரெடிங்கில் ஒரு சிறு நிறுவனத்தைப் பிடித்தது. அது ஒரு ஆளும் ஒரு மடிக்கணினியும். அந்த ஆள் லீட்ஸில் வேறொரு சிறு நிறுவனத்தைப் பிடித்தான். லீட்ஸ்காரன் இணையத்தில் தேடி லொரெய்னைக் கூப்பிட்டான்.

"கிரிம்ஸ்பியில ஒரு கட்டடம் இருக்குங்க. உங்களுக்குப் பழக்கப்பட்ட ஏரியாவா?"

"கொஞ்சம் தெரியும்," என்றாள் லொரெய்ன்.

அவன் சொன்ன கூலி, கிளைவ் கொடுத்ததில் பாதிகூட இல்லை. நடுவில் மூன்று பேர் பசியாறியிருந்தார்கள். ஆனாலும் கிளைவின் முகத்தை நினைத்து, ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

கூரைக் கதவை ஒரு கை அகலம் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"முட்டை வெச்சிடுச்சு கிளைவ். இனி கை வைக்க முடியாது. கூட்டைக் கலைச்சா சட்டப்படி குத்தம். ராஜாளியை விட்டாலும் குத்தம்."

"எப்ப வரைக்கும்?"

"குஞ்செல்லாம் பறந்து போகணும். ஆகஸ்ட்."

கிளைவ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீ வந்தது?"

"முடியாதுன்னு சொல்ல. அதுக்கும் கூலி உண்டாம்."

முட்டையைக் காக்கும் பறவைகள் தலையில் கொத்தவரும் என்று மறுநாளே பிரதான வாசல் மூடப்பட்டது. இருநூற்றுப் பத்து பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். காலியான கட்டடத்துக்கு வாடகை மட்டும் தொடர்ந்து போயிற்று.

ஜூனில் இமோஜனிடமிருந்து அழைப்பிதழ் வந்தது. துறை தன் இலக்கைத் தாண்டிவிட்டது. அந்த விழாவில் லொரெய்ன் பேச வேண்டும். லொரெய்னுக்குப் புரியவில்லை. கிளைவ்தான் அழைப்பிதழோடு வந்த துறை அறிக்கையை நாலு தடவை படித்துக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"ரெடிங்காரன் சிறுதொழில். லீட்ஸ்காரன் சிறுதொழில். நீ சிறுதொழில். ஒரே காசு மூணு கை மாறிச்சு; மூணு தடவை எண்ணியிருக்காங்க. நாடு முழுக்க இப்படித்தான்."

"அப்ப நடுவுல இன்னும் ரெண்டு பேரைச் சேத்திருந்தா?"

"விருது கொடுத்திருப்பாங்க."

விழா ஹல் நகரத்து ஓட்டல் ஒன்றில் நடந்தது. லொரெய்ன் சின்னப் பறவையோடு போனாள். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். துறை உங்களுக்கு என்ன செய்தது என்று மேடையில் இமோஜன் கேட்டாள். லொரெய்ன் நிதானமாக, கோபமில்லாமல் பதில் சொன்னாள்.

"ஒம்பது வருஷம் அங்க காக்கா வராம பாத்துக்கிட்டேன். அது கணக்குல வரலை. இந்த வருஷம் ஒரு நாள் போய், ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். அது மூணு தடவை கணக்குல வந்திருக்கு. பறவையை இன்னும் விடவே இல்லைங்க."

மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது. நகைச்சுவையாகப் பேசத் தெரிந்த தொழில்முனைவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இமோஜன் மட்டும் சிரிக்கவில்லை. விழா முடிந்ததும் லொரெய்னை வேன்வரை வழியனுப்ப வந்தாள்.

"இதை நான் மேல எழுதறேன்," என்றாள்.

"எழுதும்மா. எத்தனை கேள்வி வருதுன்னு சொல்லு."

அவள் எழுதினாள். அதை ஆராய ஒரு குழு போடப்பட்டது. குழுவுக்கு ஆலோசகர் வேண்டுமென்று டெண்டர் விடப்பட்டது. இமோஜனை மீன்வளத்துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் குஞ்சுகள் பறந்துபோயின. ஊழியர்கள் திரும்பி வந்த முதல் வாரம், ஓய்வூதியப் பிரிவுப் பெண் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேஜை மேஜையாகக் கொண்டுபோனாள். லொரெய்னின் கூலிக்காக ஆளுக்கு வாரம் நாற்பது பென்ஸ் சில்லறை. சொந்தக் காசு என்பதால் டெண்டர் தேவையில்லை. அதைத் தடுக்க ஒரு விதியும் இல்லை என்று கிளைவ் இரண்டு இரவு தேடி உறுதி செய்துகொண்டார். குப்பைமேட்டு வேலையையும் விடாமல், லொரெய்ன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வர ஒப்புக்கொண்டாள்.

முதல் வெள்ளியன்று அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது கிளைவ் ஒரு கடிதத்தோடு மாடிக்கு வந்தார். புதிய சிறுதொழில் தோழர் எழுதியிருந்தார். ஊழியர்களின் டப்பாவையும் துறையின் செலவாகக் காட்டிக்கொள்ளலாமா, ஒரு படிவம் போதும் என்று கேட்டிருந்தார்.

"எத்தனை பக்கம்?" என்றாள் லொரெய்ன்.

"பதினொண்ணு."

"பறவை பயப்படும். கொஞ்சம் தள்ளி நில்லு," என்று சொல்லிவிட்டு அவள் கையை உயர்த்தினாள்.