நான்கு மலைகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர்

என் புருஷன் பிழைப்பது நான் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று அந்த அதிகாரி போனில் சொன்னபோது, கையெல்லாம் மீன் செதிலோடு காசிமேட்டு வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.

பதினைந்து வருஷம் லாஞ்சுப் படகு ஓட்டிய என் புருஷன் சாவியோ, டீசல் இன்ஜின் வேலை தெரியும் என்று தென்துருவத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒப்பந்த மெக்கானிக்காகப் போயிருந்தார். போகாதே என்று நான் கத்தியதை யார் கேட்டார்கள்?

நிலையத்துக்கு எதிரே நான்கு மலைகள் வரிசையாக நிற்குமாம். வரைபடத்தில் அவற்றுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். எண்ணை வைத்துக்கொண்டு எவன் வழி கண்டுபிடிப்பான் என்று இவரே பெயர் வைத்துவிட்டார். துறைமுகக் கிரேன், ராயபுரம் சர்ச்சு, திருவொற்றியூர் கோபுரம், எண்ணூர் சிம்னி. எங்கள் ஆட்கள் கடலில் இடம் கண்டுபிடிப்பதே இந்த நான்கையும் பார்த்துத்தான். "நம்ம ஊரு வரிசை அப்டியே கீது எல்சி" என்று போனில் பெருமையாகச் சொன்னார். கூட இருந்த வடக்கத்தியர்களுக்கு அது விளையாட்டு. எது எந்த மலை என்று ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பனிவண்டியில் தனியாகப் போனவர் திரும்பும் வழியில் புயலில் திசை மாறிவிட்டார். கோபுரத்தடியில் வண்டி நின்றுவிட்டது என்று ஒயர்லெஸ்ஸில் சொன்னதோடு பேச்சு அறுந்துபோனதாம். இப்போது காற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அடுத்த புயலுக்குள் ஒரே ஒரு மலைக்குத்தான் போய்வர முடியும், நிலையத்திலிருந்து பார்த்தால் கோபுரம் எது என்று கேட்டார் அதிகாரி.

நான் கடலைப் பார்த்து நின்றேன். இடக்கைப் பக்கம் கடைசியில் எண்ணூர், அதற்கு இப்பால் திருவொற்றியூர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவது சார்."

சேதி கேட்டு என் கொழுந்தன் ஞானம் படகிலிருந்து அப்படியே ஓடி வந்தான். நான் சொன்னதைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

"அண்ணி, கடல்லேர்ந்து வரச்சொல்லோ எண்ணூரு சோத்தாங்கை பக்கம் கீது. அண்ணன் அப்டித்தான பாத்திருப்பாரு?"

எங்கள் பெண்கள் தொழிலுக்குப் போகும் படகில் ஏறுவதில்லை. மீனை ஏலம் எடுப்போம், விற்போம், காத்திருப்போம். நாற்பது வயதுவரை நான் ஊரைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து பார்த்தால் இடது பக்கத்து இரண்டாவது சர்ச்சு; அவரை அந்தச் சர்ச்சடியில் தேட ஆள் அனுப்பிவிட்டேன்.

பதினோரு தடவை போன் அடித்தேன். பன்னிரண்டாவது தடவை அதிகாரி எடுத்தார். வண்டிகள் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்றார்.

"தப்பா சொல்லிட்டேன் சார். வலது பக்கத்துலேர்ந்து ரெண்டாவது."

நிச்சயமா என்று கேட்டார். முதல் தடவையும் நிச்சயமாகத்தானே சொன்னேன்! ஞானத்தைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான். நிச்சயம் என்றேன். ஒயர்லெஸ்ஸில் சொல்லி வண்டிகளைத் திருப்பப் பார்க்கிறேன் என்று போனை வைத்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபமாலையை உருட்டினால் எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. அரைகுறையாய்க் கழுவிய மீனில் ஈ மொய்த்தது. மாதாவே, இந்த முறையாவது சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எந்த ஜெபமும் வாயில் வரவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. உயிரோடு இருக்கிறார், கால் விரல் இரண்டு போகலாம் என்றார்கள். பிறகு அவரே பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ரெண்டு செவப்பு வண்டி வந்துச்சு எல்சி. கத்துனேன், கைய ஆட்டுனேன். அது பாட்டுக்குச் சர்ச்சு பக்கம் போய்க்கினே இருந்துச்சு. புயல்லகூட அப்டி பயப்படல. அப்பதான் பயந்தேன்."

அப்புறம் திரும்பி வந்ததல்லவா என்றேன். வந்ததாம். அந்த வண்டிகளை அங்கே அனுப்பியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.