அக்கா படிக்காத பலகைகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக இருக்க வேண்டிய சங்கதியே இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியை என்னிடம் கேட்டது கட்டுரை. "சொந்த வண்டியிலயே நாடு தாண்டிப் போய்ட்டு வந்திருக்கீங்க. போறவங்களுக்கு உபயோகமா ஒரு பத்து குறிப்பு எழுதிக் குடுங்களேன்" என்றார். பதினேழு நாள், மூன்று நாடு, ஒரு பஞ்சர். பத்து என்ன, நூறே எழுதலாம் என்ற திமிரோடு உட்கார்ந்தேன்.

முதல் மூன்று குறிப்புகள் மளமளவென்று வந்தன. வண்டியின் பதிவுச் சான்றிதழை நாலு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைச் சாவடிக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் போகாதீர்கள், முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போயிருப்பார். பின்சீட்டில் தூங்குகிறவருக்குக் கழுத்துத் தலையணை கட்டாயம். நான்காவதை இப்படி ஆரம்பித்தேன்:

"4. வண்டி ஓட்டுகிறவரின் கண்"

அதோடு சரி. இரண்டு வாரமாக அந்த வரி அப்படியே கிடக்கிறது. ஆசிரியை இரண்டு முறை போன் செய்தார், இரண்டு முறையும் எனக்குக் காய்ச்சல்.

2

கட்டுரை வராவிட்டால் போகட்டும், கதையாகவாவது எழுதிப் பார்க்கலாம் என்று மூன்று ஆரம்பங்கள் போட்டேன்.

ஆரம்பம் ஒன்று: "சாலை ஒரு நீளமான கறுப்பு நாடாவைப் போல—"

(வேண்டாம். எல்லார் கதையிலும் சாலை நாடாவாகத்தான் இருக்கிறது.)

ஆரம்பம் இரண்டு: "மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முறுக்கிய மீசை. ஸ்டியரிங்கில் கை வைத்தால் எடுக்க மனம் வராது."

இந்த மாமா சத்தியமாக எங்கள் குடும்பத்தில் இல்லை. நிஜமாக வண்டி ஓட்டியவரை மறைப்பதற்காக ஒட்டவைத்த மீசை அது. இரண்டு பக்கம் ஓடினார். பிறகு வாயைத் திறந்தாலே சவடால் பேசத் தொடங்கினார், முந்திப்போகிற வண்டிகளைத் திட்டினார். நிஜத்தில் ஓட்டியவர் பதினேழு நாளில் ஒருவரைக்கூடத் திட்டவில்லை. மாமாவை வழியில் இறக்கிவிட்டேன்.

ஆரம்பம் மூன்று: நடந்ததையே எழுதுவது. அதைத்தான் இப்போது படிக்கிறீர்கள்.

3

ஆட்கள் மூன்றே பேர். என் கணவர், அவருடைய அக்கா, நான்.

கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மூக்குக் கண்ணாடி. கண்ணைச் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் படிப்பும் படித்தவர். உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்த்தே பவர் சொல்லிவிடுவார் என்று தெருவில் பேர். கார் நகர்ந்தால் மட்டும் ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போவார். இந்தக் கதையில் பெரும்பாலும் பின்சீட்டில் வாயைத் திறந்தபடி இருப்பார், மன்னிக்கவும்.

அவருடைய அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். முறைப்படி என் நாத்தனார். நாத்தனார் என்றதும் கதைக்கு வில்லி கிடைத்தாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஏமாந்தீர்கள். கல்யாணமாகி வந்த வருஷம் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். கடையின் முன்மேசையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தயாரான கண்ணாடிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். அதற்காக வாங்கிய வண்டிதான் குடும்ப வண்டி. பதினான்கு வயது. பின்கதவைத் தட்டித்தான் மூட வேண்டும்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கே எது எழுதியிருந்தாலும் படித்துவிடுகிற வியாதி உண்டு. அது இந்தக் கதைக்கு முக்கியம்.

4

பயணத்துக்கு ஆசைப்பட்டது அக்கா. "மலையைத் தாண்டி அந்தப் பக்கக் கடல் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றாள். விமானத்தில் போய் அங்கே வண்டி எடுத்துக்கொள்ளலாமே என்றார் கணவர்.

"வேற வண்டி எனக்கு சரிப்படாது. இதுன்னா எந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்."

இதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பதினேழு நாளில் நான் பாசம், குறும்பு, சுத்தம் என்று பேர் வைத்த விஷயங்கள் நிறைய. எல்லைச் சாவடியில் கொடுத்த படிவத்தை என் பக்கம் தள்ளினாள்: "நீ எழுது, உன் கையெழுத்து அழகா இருக்கும்." பெட்ரோல் போட நிற்கிற இடத்திலெல்லாம் முன்கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பளபளவென்று இருக்கிற கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

அப்புறம் அந்த விளையாட்டு. சாலையோரம் பலகை வந்தால் போதும்.

"இதுல என்ன போட்டிருக்கான்? படி பாப்போம்."

எழுத்து வேறு, மொழி வேறு. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஊர்ப் பெயர்களையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அவள் கேட்டாள்: "இங்க எவ்வளவு வேகம் போகலாம்?"

எதிரே ஆள் உயரத்தில் பலகை. அதில் எழுத்தே இல்லை, வெறும் ஐம்பது. அவர்கள் ஐம்பதும் நம் ஐம்பதும் ஒன்றுதான்.

நான் "ஐம்பது" என்றேன். பிறகு அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

5

(இந்தப் பகுதியை இரண்டு முறை எடுத்துவிட்டேன். மறுபடியும் வைக்கிறேன்.)

பத்தாம் நாள். ஒரு சின்ன ஊரின் கடைவீதி, நல்ல வெயில். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ஒரு அம்மாள் நாயோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கத்தினேன். வண்டி நின்றபோது அந்த அம்மாளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவள் எங்கள் பானட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனாள். தூசியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

பின்சீட்டிலிருந்து கணவர், "என்ன ஆச்சு?" என்றார்.

"நாய் குறுக்கே வந்துடுச்சு" என்றேன்.

நான்தான் சொன்னேன். அக்கா சொல்லவில்லை. ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், நல்ல காரணம் ஒன்றும் அகப்படவில்லை. நாயின் மேல் பழி போட்டதற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

6

அன்று சாயங்காலம் தங்குமிடத்தின் வாசலில் அக்கா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் அறையில் குளித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, எதிர்ல நிக்குது பாருங்க ஒரு வண்டி. அதோட நம்பரச் சொல்லுங்க."

துணியைப் பிழிந்தாள். வெகுநேரம் பிழிந்தாள்.

"நடுவுல ஒரு அழுக்கு மாதிரி. எங்க பாத்தாலும் அங்க வந்து உட்கார்ந்துக்குது. ஓரத்துல எல்லாம் தெரியுது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். வெளியூர்ல டாக்டர்கிட்ட காட்டிட்டேன். கண்ணாடி போட்டு சரியாகுற விஷயம் இல்லையாம். இருக்கறத காப்பாத்தலாமாம்."

"போன மாசம்தானே அவர் உங்களுக்குச் சோதிச்சு சர்டிபிகேட் குடுத்தார்? வெளிநாட்டுல ஓட்ட?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை.

கணவர் கடையில் எழுத்துப் பலகை ஒன்றே ஒன்றுதான். உள்ளே விளக்கு எரிகிற மரப்பெட்டி. கடை திறந்த நாளில் மாட்டியது, அதன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், மாற்றவே மாட்டார். சோதனை அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். திரைக்கு இந்தப் பக்கம் அக்காவின் மேசை. ஒரு நாளைக்குப் பத்துப் பேர், பதினெட்டு வருஷம், அதே எட்டு வரியை அவள் காதுபட வாசித்திருக்கிறார்கள்.

"கடைசி வரியத் தலைகீழாவும் சொல்லுவேன்" என்றாள். "அவன் குச்சிய எந்த வரியில வச்சான்னு சத்தத்த வச்சே கண்டுபிடிச்சேன். எட்டு வரியும் சொன்னதும், 'அக்கா, உனக்குக் கழுகுக் கண்ணு'ன்னு கையெழுத்துப் போட்டான்."

எங்கள் ஊரில் அவளுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. எந்த வீட்டுக்கு எத்தனாவது திருப்பம், எங்கே மேடு, எல்லாம் மனப்பாடம். அந்நிய நாட்டில் எதுவுமே மனப்பாடம் இல்லை, மாட்டிக்கொண்டாள்.

(ஊரிலும் தெருவில் நடக்கிற மனுஷர்கள் யாருக்கும் மனப்பாடம் ஆவதில்லை. இதை அப்போது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.)

"அப்புறம் எதுக்குக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"கண்ணு இருக்கும்போதே பாத்துடலாம்னுதான். அதுவும் நானே ஓட்டிட்டு வந்து."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று நினைவில்லை. சாவிக்குக் கையை நீட்டினேன், கொடுத்துவிட்டாள்.

மீதி ஏழு நாளும் நான் ஓட்டினேன். கணவரிடம் அக்காவுக்குத் தோள்வலி என்று சொல்லிவைத்தோம். பாவம், அவர் ஏழு நாளும் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். வலியே இல்லாத தோள்.

7

வீடு வந்து மூன்று வாரமாகிறது. அக்கா மறுபடி கண்ணாடிகளைக் கொடுக்கப் போகிறாள், வண்டியில்தான். அவள் திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து பின்கதவைத் தட்டி மூடும் சத்தம் கேட்கும்வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. இத்தனை தெரிந்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கதை எழுதுகிறேனாம்.

வரும் வியாழக்கிழமை அவளுடைய ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் புதிய கண் சான்றிதழ் வேண்டும். கடை சாத்தியபின் அவள் தம்பி, அதாவது என் கணவர், சோதிப்பார், கையெழுத்துப் போடுவார். அதற்காக மூன்று முடிவுகள் எழுதிவைத்தேன்.

முடிவு அ: நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா, "தம்பி, எனக்கு எதுவும் தெரியல" என்று சொல்லிவிடுகிறாள்.

முடிவு ஆ: முதல் நாளே யாரோ பெட்டிக்குள் வேறு எழுத்துத் தாளை மாற்றிவிடுகிறார்கள். அக்கா பழைய எட்டு வரியைக் கணீரென்று ஒப்பிக்கிறாள். தம்பியின் கையில் குச்சி அப்படியே நிற்கிறது.

முடிவு இ: அக்கா கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறாள். ஒரு வெள்ளைக் கோட்டில், நல்ல வெயிலில்

(இதை முடிக்கக் கை வரவில்லை.)

8

எதை எழுதினாலும் அக்காவிடம்தான் முதலில் காட்டுவேன். முன்பெல்லாம் வாங்கிப் படிப்பாள். இரண்டு வருஷமாக, "நீயே படி, உன் வாயால கேட்டா நல்லா இருக்கு" என்கிறாள். அதையும் பாசத்தில் சேர்த்திருந்தேன்.

இன்று மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். ஐந்தாம் பகுதி வந்ததும் தாளைப் புரட்டிவிட்டு ஆறுக்குப் போனேன்.

"ரெண்டு தாள் புரண்டுச்சு" என்றாள் அக்கா. "காது நல்லாத்தான் இருக்கு. விட்டதப் படி."

படித்தேன். நாயைக் கேட்டுக்கொண்டாள், பானட்டில் விழுந்த அடியைக் கேட்டுக்கொண்டாள். "அந்தம்மா அவ்வளவு கிட்டத்துலயா இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் முடிவுகளைப் படிக்கச் சொன்னாள்.

முதலாவதைக் கேட்டுவிட்டு, "நான் அவ்வளவு நல்லவ இல்ல" என்றாள். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "ச்சீ, வீட்டு மனுஷியப் பொறி வச்சா பிடிப்பாங்க?" என்றாள். மூன்றாவது பாதியில் நின்றது. அவளும் மீதியைக் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். எல்லா முடிவுலயும் நான் ஏதோ பண்றேன், இல்லேன்னா அவன் பண்றான். நீ எங்க போன?"

நூலகத்தில் ஆயிரம் கதைக்கு எண் ஒட்டியிருக்கிறேன். இந்தக் கதையில் என்னை எங்கே வைப்பது என்று பார்க்கவே இல்லை.

"வியாழக்கிழமை அவர் கையெழுத்துப் போடற வரைக்கும் பாப்பேன்" என்றேன். "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்க்கா. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

"இன்னிக்கு பஸ்லதான் வந்தேன்" என்றாள்.

பிறகு அவள் தாள்களைத் தன் பக்கம் இழுத்து, ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள்.

"நான் என் வாயால சொன்னா இத அனுப்பு. உன்ன சொல்ல வச்சேன்னா கிழிச்சுப் போட்டுடு. அவன் உன் வாயால கேட்டது பத்தாதுன்னு, நான் பேசாம இருந்தத ஊரே படிக்கக் கூடாது."

சரி என்றேன்.

9

இன்று திங்கள். இந்த நிமிடத்தில் இந்தக் கதைக்கு வாசகர் ஒருவரும் இல்லை. வியாழன் மாலை அவள் வாயைத் திறக்காவிட்டால் இனிமேலும் இருக்க மாட்டார்கள். இந்த வரியை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அக்கா தானாகவே சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

ஆக, முடிவு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நான் திங்கட்கிழமையில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் வியாழனைத் தாண்டி நிற்கிறீர்கள். என்ன வார்த்தையில் சொன்னாள், நாற்காலியில் உட்கார்ந்தா நின்றா, தம்பி முதலில் கத்தினாரா, எல்லாவற்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு வரியும் சேர்க்கப்போவதில்லை.

ஒரே ஓர் உதவி மட்டும். அவள் சொல்லும்போது தம்பி அக்காவுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில்தான் நிற்பார். எதிரே இருக்கிற முகம்தான் அவளுக்குத் தெரிவதில்லை. அந்த அறையில் நானும் இருக்க மாட்டேன். சொன்னபோது தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று என்னிடம் வந்து கேட்பாள். பார்த்துச் சொல்லுங்கள்.